போதுமுங்க என்று சொன்ன பன்னிரண்டு பேர்

ஐரோப்பாவில் எந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் உண்டு, எந்த நாட்டில் கிடையாது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அதில் ஒரு நாட்டுக்கும் நான் போனதில்லை. பாஸ்போர்ட் எடுத்ததோடு சரி. அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கும் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் 'காம்ப்ளையன்ஸ்' பார்க்கிறேன். வெளிநாட்டுக் கடைக்காரர்கள் போட்டிருக்கும் விதிகளின்படி கம்பெனி நடக்கிறதா என்று பார்ப்பதும், நடப்பதாகக் காகிதத்தில் காட்டுவதும் என் வேலை. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், அது அந்தந்த நாளைப் பொறுத்தது.

ஜனவரி பிறந்தால் அங்கே பல நாடுகளில் கூலி ஏறும். செய்தி எனக்கு வேறு வடிவத்தில் வந்து சேரும். கடையில் நின்று துணி மடித்து வைக்கும் பெண்ணுக்கு அங்கே சம்பளம் ஏறியிருக்கும். அந்தச் செலவை எங்கே பிடிக்கலாம் என்று யாரோ யோசித்து, அந்தத் துணியைத் தைக்கிற பெண்ணிடம் பிடிக்கலாம் என்று முடிவு செய்து, எங்களுக்கு ஒரு மெயில் போடுவார்கள். ஒரு பனியனுக்கு இரண்டு சென்ட் குறைத்துக்கொள்ள முடியுமா என்று மிக மரியாதையாகக் கேட்பார்கள். அதே மெயிலின் கடைசியில், தொழிலாளர் நலனே எங்கள் முதல் அக்கறை என்று பச்சை எழுத்தில் ஒரு வரி இருக்கும். முதல் சில வருடங்கள் எனக்குக் கோபம் வந்தது. இப்போது பிரிண்ட் எடுத்து ஃபைலில் சேர்த்துவிடுகிறேன்.

எங்களுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. கேட் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அரசாங்கத்தின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு இருக்கிறது. ஏப்ரல் வந்தால் பஞ்சப்படி ஏறும். நான் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாளை ஒட்டுவேன். எங்கள் கம்பெனி அந்தத் தாளுக்குக் கீழே ஒருநாளும் போனதில்லை. அதற்கு மேலே அதிகம் போனதுமில்லை. அதில் இருக்கும் சம்பளத்தில் ஒரு குடும்பம் நடக்காது என்று ஒட்டுகிற எனக்கும் தெரியும், ஒட்டச் சொல்கிற முதலாளிக்கும் தெரியும். அதனால்தான் ஓ.டி. என்று ஒன்று இருக்கிறது. ஐந்தரைக்கு மணி அடிக்கும். யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். டீயும் தேங்காய் பன்னும் வரும். அதற்குப் பிறகு எட்டரை வரைக்கும் வேலை ஓடும்.

செக்கிங் பகுதியில் ஒரு பெண் இருக்கிறாள். நாற்பது வயதிருக்கும். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, பிசிறு வெட்டி அந்தப் பக்கம் தள்ளுவது அவள் வேலை. காலை எட்டரையிலிருந்து நின்றபடியே செய்ய வேண்டும். அவளும் நானும் அன்னூரில் ஒரே இடத்தில் கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள். வேனில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்ச் சீட்டில் காலை நீட்டிக்கொள்வாள். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து நீலம் பாய்ந்திருக்கும். போன வருடம் கோயம்புத்தூரில் டாக்டரிடம் காட்டினாள்.

"நிக்கறத கொறச்சுப்போடோணும்னு சொல்றாருங்கக்கா. அஞ்சரைக்கே ஊட்டுக்குப் போயிட்டா தேவலைங்கறாரு. அஞ்சரைக்குப் போனா சம்பளம் பத்தாதுங்க. எட்டரை வரைக்கும் நின்னா காலு தாங்காதுங்க. நான் எதைங்க கேக்கறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்த ஊர்ப் பெண்கள் கஷ்டத்தைச் சொல்லும்போது சிரிப்பது எனக்குப் பழகிப்போன விஷயம்தான். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் எங்களிடம் பனியன் வாங்கும் ஒரு ஜெர்மன் கடைக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. இந்த முறை விலையைக் குறைக்கச் சொல்லி இல்லை. வேறு வேறு நாடுகளில் மூன்று கம்பெனிகளைப் பார்த்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு பனியனுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுப்பார்களாம். அந்தப் பணம் முழுவதும் தொழிலாளர்களுக்கே போக வேண்டுமாம். ஓ.டி. பார்த்துச் சம்பாதிப்பதை ஓ.டி. பார்க்காமலே சம்பாதிக்க வேண்டும், அதுதான் திட்டம். அதற்கு முன்னால் அங்கிருந்து ஒரு பெண் நேரில் வந்து பன்னிரண்டு பேரிடம் பேசிப் பார்ப்பாள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்கள் தொழிலில் இப்படி ஒரு கடிதம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

முதலாளி சந்தோஷப்படவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தோட்டத்தை விற்று நாலு மிஷினோடு தொடங்கியவர். யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் தன் காரை அனுப்புவார். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு வருசம் குடுப்பானுங்க, அப்பறம் போயிருவானுங்க. ஏத்துன சம்பளத்த நான் எறக்க முடியுமுங்களா அம்மணி? மத்தவங்க ஆர்டருல வேல செய்யறவங்க எங்களுக்கு எங்கேன்னு கேக்க மாட்டாங்களா?" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. எழுந்து வரும்போது, "பாத்துப் பேசுங்க அம்மணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பன்னிரண்டு பேர் பட்டியலைத் தயாரித்தது நான்தான். அதில் செக்கிங் பெண்ணை வேண்டுமென்றே சேர்த்தேன். வேனில் அவளிடம் திட்டத்தை விளக்கினேன். இது வந்தால் அஞ்சரைக்கு வீட்டுக்குப் போகலாம், சம்பளம் குறையாது என்றேன்.

"பொழுதோட ஊட்டுக்குப் போலாமுங்களா?"

"போலாம். அந்தம்மா கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லு அம்மணி."

"வந்தவங்ககிட்டப் போயி பத்தலைன்னு சொன்னா நல்லாருக்குமுங்களா?" என்று கேட்டாள். சொல்லத்தான் வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

வந்தவள் முப்பத்தைந்து வயதுப் பெண். விமான நிலையத்திலிருந்து கூட்டிவர நான் போனேன். மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அவருக்குக் காய்ச்சல் என்று அன்று காலையில்தான் போன் வந்தது. அதனால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. கம்பெனி ஆளே மொழிபெயர்க்கக்கூடாது என்பது விதி. அவளுக்கும் அது தெரியும். மறுநாள் அவள் வேறு நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது, என்ன செய்வது என்று ஒத்துக்கொண்டாள்.

காரில் கோவில்பாளையம் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தோம். எங்கள் நாட்டில் எல்லாக் காலத்திலும் கூலிச் சட்டம் இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அவள் நாட்டில் அது சமீபத்தில்தான் வந்ததாம். வருவதற்கு முன்னால் கடையெல்லாம் மூடிவிடுவார்கள், வேலையெல்லாம் போய்விடும் என்று பெரிய சண்டையாம். அவளுடைய அம்மா ஒரு சின்ன ஊரில் ரொட்டிக் கடையில் வேலை செய்தவள். சட்டம் வந்த பிறகு கடை மூடவில்லை. ரொட்டி விலை கொஞ்சம் ஏறியது. கடை முதலாளி அவள் அம்மாவின் வேலை நேரத்தைக் குறைத்தார். குறைந்த நேரத்துக்கு அதே பணம் கிடைத்தது.

"என் அம்மா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். எனக்கு அந்தச் சட்டத்தைப் பற்றித் தெரிந்தது அதுதான். அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன்" என்றாள்.

எனக்குத் தெரிந்ததை நானும் கேட்டேன். சுவீடனிலும் டென்மார்க்கிலும் இத்தாலியிலும் சட்டமே கிடையாதே, எப்படி நடக்கிறது என்றேன். இது எனக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டாள். வடக்கே உள்ளவர்களுக்குச் சங்கம் பலமாக இருக்கிறது, முதலாளிகளோடு உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள், அரசாங்கம் நடுவில் வந்தால் அவர்களுக்கே பிடிக்காது என்றாள். இத்தாலியிலும் அதே முறைதான், ஆனால் பேச்சுவார்த்தைக்குள் வராமல் விடுபட்டுப்போகிறவர்கள் நிறைய என்றாள். லக்ஸம்பர்க் என்று ஒரு குட்டி நாடு. அங்கே கூலி அதிகம் என்று பக்கத்து நாட்டுக்காரர்கள் தினமும் காலையில் எல்லை தாண்டி வேலைக்கு வந்துவிட்டுப் போவார்களாம். இங்கேயும் வாளையார் தாண்டினால் கூலி வேறு, எங்கள் ஆட்களும் கேரளாவுக்குப் போகிறார்கள் என்றேன். தோட்ட வேலைக்கு ஜெர்மனிக்கு வருகிற ருமேனியாக்காரர்களுக்குச் சட்டப்படிக் கூலி உண்டு, ஆனால் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் என்று அதில் பிடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் தங்குகிறவர்களின் சம்பளத்தில் நாங்கள் பிடிப்பது ஞாபகம் வந்தது. அடடா, அங்கேயும் இதேதானா என்று எனக்குச் சின்ன ஆறுதல். உடனே வெட்கமாகவும் இருந்தது.

பேட்டிக்கு டிரெயினிங் ஹாலை ஒதுக்கியிருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் தொழிலாளி, பக்கவாட்டில் நான். ஒவ்வொருவராக வந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். எத்தனை பேர் குடும்பத்தில், எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று நிறையக் கேட்டாள். கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். இந்தச் சம்பளம் உங்கள் குடும்பத்துக்குப் போதுமா?

"போதுமுங்க" என்றார் முதலில் வந்த கட்டிங் மாஸ்டர். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டாவது ஆளும் "போதுமுங்க" என்றான். மூன்றாவது வந்த அம்மா, "அதெல்லாம் போதுமுங்க, அவங்களுக்கு நம்ம ஊரு வெயிலு ஒத்துக்குதுங்களா?" என்று என்னிடம் திருப்பிக் கேட்டார்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுங்களா என்று கேட்ட உடனே இலைக்குமேல் கையை மறித்து போதுமுங்க என்று சொல்லிவிட வேண்டும். பசி இருந்தாலும் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளக்கூடாது. மறுபடி கேட்க வேண்டும். மறுபடியும் போதுமுங்க. மூன்றாவது தடவை கேட்டால்தான் கையை எடுக்கலாம். ஒரே தடவை கேட்டுவிட்டுக் கரண்டியோடு போகிறவரைப் பற்றி ஊரில் பேசுவார்கள். முதல் போதுமுங்க என்பது வெறும் மரியாதை. அதற்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

இதை நான் அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். எல்லாம் முடியட்டும், மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏழாவது ஆள், எட்டாவது ஆள் என்று போய்க்கொண்டிருந்தது. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. எனக்குப் பசி, தலைவலி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலாளி இரண்டு முறை நடந்து போனார். உள்ளே பார்க்கவில்லை. பார்க்காமல் போனதுதான் என்னை உறுத்தியது.

பதினோராவதாகச் செக்கிங் பெண் வந்தாள். பட்டுக்கரை போட்ட சேலை கட்டியிருந்தாள். பேட்டிக்காகவே கட்டியிருக்கிறாள் என்று தெரிந்தது. உட்கார்ந்ததும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து, சேலைக் கரையால் மூடிக்கொண்டாள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி வந்தது. நான் தமிழில் கேட்டேன். என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சிரித்தாள்.

"போதுமுங்க" என்றாள்.

போதும் என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஜெர்மன்காரி பேனாவைக் கீழே வைத்தாள்.

"எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. இவரிடம் தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்" என்றாள்.

நான் செக்கிங் பெண்ணின் பக்கம் திரும்பினேன். அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்கப் போகிறார்கள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கதவுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. வீட்டுக்காரருக்கு வேலை நின்று மூன்று வருடம் ஆகிறது, என் வயதில் இன்னொரு கம்பெனி என்னை எடுக்காது, இதெல்லாம் அந்த ஒரு நொடியில் நான் நினைத்தேனா, பிறகு சமாதானத்துக்காகச் சேர்த்துக்கொண்டேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. களைப்பு என்று சொன்னால் பாதி உண்மை. பயம் என்று சொன்னால் மீதிப் பாதி.

"சாப்ட்டாச்சா அம்மணி?" என்று கேட்டேன்.

அவள் ஒரு கணம் விழித்தாள். "ஆச்சுங்கக்கா" என்று தலையாட்டினாள்.

நான் ஜெர்மன்காரியிடம் திரும்பி, மறுபடியும் போதும் என்றுதான் சொல்கிறார் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். பன்னிரண்டாவது ஆளும் வந்து போதுமுங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

மதியச் சாப்பாடு கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் முதலாளி வீட்டில். விருந்தாளிக்கு இலை போட்டு, அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் வைத்து, முதலாளியின் மனைவி பக்கத்திலேயே நின்று பரிமாறினார். இரண்டாவது கரண்டிக்கு ஜெர்மன்காரி, காலையிலிருந்து பன்னிரண்டு தடவை கேட்டுப் பாடமாகிப்போன வார்த்தையைச் சொன்னாள். "போதுமுங்க." எல்லோரும் சிரித்தோம். முதலாளியின் மனைவிக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு கரண்டி அள்ளி வைத்தார். அவள் மறுபடி போதுமுங்க என்றாள். இன்னும் ஒரு கரண்டி விழுந்தது.

"நான் போதும் என்று சொல்லச் சொல்ல ஏன் வைக்கிறார்கள்?" என்று என்னிடம் சிரித்தபடி கேட்டாள்.

விளக்கினேன். முதல் தடவை போதும் என்பது மரியாதைக்கு, மூன்று தடவை கேட்பது வழக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. அவள் சிரிப்பும் நின்றது.

"எல்லாவற்றுக்கும் இப்படித்தானா? இல்லை, சாப்பாட்டுக்கு மட்டுமா?"

எதிரில் முதலாளி தயிர்ச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் பேச வராது, ஆனால் புரியும். பிசைகிற கை நின்றது.

"சாப்பாட்டுக்கு மட்டும்தான்" என்றேன்.

அவர் கை மறுபடி பிசைய ஆரம்பித்தது. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நெய் நன்றாக இருக்கிறது என்றாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. வேறொரு நாட்டில் வேறொரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே பேசியவர்கள் பத்தவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எங்களுக்கு நன்றி சொல்லி ஒரு பக்க அறிக்கை. தற்போதைய சம்பளம் போதுமானது என்று பேட்டி கண்ட அனைவரும் தெரிவித்தனர் என்று அதில் ஒரு வரி. முதலாளி அதை லேமினேட் செய்யச் சொன்னார். "பரவால்லீங்க அம்மணி, நல்லாப் பேசிப்போட்டீங்க" என்றார். அடுத்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கேட் பக்கத்தில், குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார். நான்தான் மாட்டினேன்.

செக்கிங் பெண் இரண்டு மாதமும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வேனில் காலை நீட்டிக்கொண்டு வருவாள், போவாள். அறிக்கை மாட்டிய அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரை மணி அடித்து, டீ வந்தது. கேன்டீன் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்கக்கா, அந்த வெள்ளக்காரம்மா விசயம் என்னாச்சுங்க?"

"நமக்கு வரல அம்மணி. வேற ஊருக்குப் போயிருச்சு."

"அப்படிங்களா" என்று டீயை ஊதினாள். பிறகு குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"எல்லாம் என்னாலதானுங்கக்கா. நீங்க அத்தன சொல்லியும் வாயில போதுமுங்கன்னு வந்துபோச்சு. மறுக்கா கேட்டா சொல்லிப்போடோணும்னுதான் உக்காந்துட்டிருந்தேன். அந்தம்மா உங்ககிட்ட என்னமோ சொன்னாங்க. நீங்க சாப்ட்டாச்சான்னு கேட்டீங்க. செரி, அவ்வளவுதானாட்ட இருக்குதுன்னு எந்திரிச்சு வந்துட்டேனுங்க. பாவம், அவங்களுக்கு நம்ம பழக்கம் தெரியாதில்லைங்களா? ஒருக்கா கேட்டதோட உட்டுட்டாங்க."

அவளிடம் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தம்மா மறுபடி கேட்கத்தான் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று இரண்டே வரி. "ஆமா, தெரியாதுதான்" என்றேன்.

அவள் தன் தேங்காய் பன்னைப் பாதியாகப் பிய்த்து என்னிடம் நீட்டினாள்.

"வேண்டாம் அம்மணி, நீ சாப்பிடு. எனக்குப் போதும்."

"அட, எடுத்துக்குங்கக்கா" என்றாள்.

நான் கையை மறித்தேன். அவள் கையை எடுக்கவில்லை. இன்னும் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியவள், நான் வாங்கிக்கொள்ளும்வரை அதை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.